ஒரு விரல் நீள அதிமதுரம்

நாட்டு மருந்துக் கடைக்காரன் வைத்தியன் இல்லை. என் அப்பா எனக்குக் கல்லாவில் உட்காரச் சொல்லிக்கொடுத்தபோது முதலில் சொன்னது இதுதான். "சரக்கு இருக்கா இல்லையானு சொல்லு. விலையைச் சொல்லு. வியாதியைப் பத்தி வாயைத் திறக்காத." திருமங்கலத்தில் எங்கள் கடைக்கு அப்போதெல்லாம் பெரும்பாலும் வைத்தியர் எழுதிய சீட்டோடுதான் ஆள் வரும். வராகனெடை, பலம் என்று எழுதியிருக்கும். வராகனெடைக்குச் சுமார் 4 கிராம், பலத்துக்கு 35 கிராம் என்று மனசுக்குள் மாற்றி, நிறுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டால் நம் வேலை முடிந்தது. எதற்குச் சாப்பிடுகிறார், எத்தனை நாள் சாப்பிடுவார் என்பதெல்லாம் சீட்டு எழுதினவர் பாடு.

இப்போது சீட்டு இல்லை. செல்போனை நீட்டுகிறார்கள். யாரோ யாருக்கோ அனுப்பி, அவர் இவருக்கு அனுப்பிய பட்டியல். "அண்ணாச்சி, இந்த டீக்கு என்னென்ன வேணும்னு பாருங்க." பார்க்கிறேன். துளசி, சுக்கு, மிளகு, ஏலம், சித்தரத்தை, பட்டை எல்லாம் இருக்கும். பத்துப் பட்டியலில் ஏழெட்டில் அதிமதுரமும் இருக்கும். சளிக்கு, வறட்டு இருமலுக்கு, தொண்டைக் கட்டுக்கு, வயிற்றெரிச்சலுக்கு என்று எல்லாவற்றுக்கும் அதைச் சேர்க்கச் சொல்லியிருப்பார்கள். இனிக்கிற மருந்து என்பதால் குழந்தைகளும் குடித்துவிடும். அதில் யாருக்கும் சந்தேகமே வராது. எனக்கும் வந்ததில்லை.

அதிமதுரம் நம் ஊர்ச் சரக்கு இல்லை என்பது பலருக்குத் தெரியாது. ஈரான், ஆப்கானிஸ்தான், மத்திய ஆசியப் பக்கம் விளைகிற செடியின் வேர் அது. வடநாட்டு மண்டிகளுக்கு வந்து, அங்கிருந்து மதுரை கீழமாசி வீதிக்கு மூட்டையாக இறங்கும். நல்ல சரக்கு என்றால் மேல்தோல் பழுப்பாக, உடைத்தால் உள்ளே நல்ல மஞ்சளாக, நாராகப் பிரியும். வாயில் போட்டால் உடனே இனிக்காது. கொஞ்சம் மெல்ல வேண்டும். பிறகு வருகிற இனிப்பு தொண்டையிலேயே வெகுநேரம் நிற்கும். குன்றிமணிக் கொடியின் வேரை அதிமதுரம் என்று தள்ளிவிடுகிற வியாபாரிகளும் உண்டு. அதுவும் இலேசாக இனிக்கும். ஆனால் அந்தக் கொடியின் சிவப்பு விதை கடும் விஷம் என்பதால், அந்தக் குடும்பத்து வேரைக் கடைக்குள் விடக்கூடாது என்பதில் அப்பா பிடிவாதமாக இருந்தார். ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு குச்சியை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் இறக்குவார். நானும் அப்படித்தான். கலப்படமில்லாத சரக்கு விற்கிறேன் என்பதில் எனக்குள்ள பெருமை கொஞ்சநஞ்சமில்லை. இந்தக் கதையில் அந்தப் பெருமைக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

அப்பா காலத்தில் அதிமதுரத்தைக் குச்சியாகத்தான் விற்போம். தொண்டை கட்டியிருக்கிறது என்று வருகிறவருக்கு ஒரு விரல் நீளத்தில் நறுக்கிக் கொடுப்பார். அதை வாயில் அடக்கி, சாறை மெதுவாக இறக்கிக்கொண்டிருப்பார்கள். நார் வெளுத்துப் போனால் துப்பிவிட்டு அடுத்த துண்டு. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்கிற கணக்கில், குச்சி தீர்வதற்குள் தொண்டையும் திறந்துவிடும். கோயில் திருவிழா வந்தால் நாடகக்காரர்கள், பாட்டுக்காரர்கள், ஏலம் விடுகிறவர்கள், வாத்தியார்கள் எல்லாம் வந்து வாங்குவார்கள். ஒரு மூட்டை வாங்கினால் வருஷம் முழுக்க ஓட்டலாம்.

2020இல் இது தலைகீழானது. ஊரடங்கு போட்ட சில வாரங்களிலேயே கபசுரக் குடிநீருக்கு வரிசை கட்டினார்கள். அரசாங்கமே விநியோகித்தது. அந்தச் சூரணத்தில் உள்ள பதினைந்து சரக்குகளில் அதிமதுரம் கிடையாது. ஆனால் மக்கள் அதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கூட்டு, ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு கஷாயம் என்று ஆனது. குச்சியை இடிக்க யாருக்கும் நேரமில்லை. "பொடியா இருக்கா அண்ணாச்சி?" என்றார்கள். அரைத்து வைத்தோம். 10 கிராம் வாங்கினவர் 100 கிராம் வாங்கினார். 100 கிராம் வாங்கினவர் கால் கிலோ கேட்டார். கொரோனா போன பிறகும் பொடி போகவில்லை. காலையில் டீக்குப் பதில் இது என்று ஆகிவிட்டது. இனிப்பாக இருப்பதால் சர்க்கரையும் போட வேண்டாம், அதனால் சர்க்கரை வியாதிக்காரர்களுக்கும் தோது என்று ஒரு பேச்சு. வியாபாரி என்கிற முறையில் எனக்குக் கசக்குமா? மூட்டை மூட்டையாக இறக்கினேன். கடைக்கு மேலே மாடி எழுப்பியதும் அந்தச் சமயத்தில்தான். இதை மறைத்துவிட்டு மீதியைச் சொன்னால் நன்றாக இருக்காது.

எங்கள் வாடிக்கையில் ஓதுவார் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். எழுபதை நெருங்கிய வயது. கோயிலில் காலசந்திக்கும் சாயரட்சைக்கும் தேவாரம் பாடுகிறவர். குரல் அவருக்குப் பிழைப்பு மட்டுமில்லை. தொண்டை கொஞ்சம் கரகரத்தாலும் ஆள் ஒடுங்கிவிடுவார். அவர் பல வருஷமாகக் குச்சி வாங்கினவர். பொடி வந்ததும் பொடிக்கு மாறினார். காலையில் ஒரு கரண்டி, சாயங்காலம் கோயிலுக்குக் கிளம்பும் முன் ஒரு கரண்டி, கொதிக்க வைத்து வடிகட்டி பிளாஸ்கில் ஊற்றி வைத்துக்கொள்வார். "தம்பி, உங்க சரக்குல தொண்டை சும்மா வெண்ணெய் மாதிரி இறங்குது" என்று கடை வாசலிலேயே நாலு பேர் கேட்கும்படி சொல்வார். எனக்கு அதைவிட வேறு விளம்பரம் வேண்டாம்.

பிறகு சில வாரம் ஆளைக் காணோம். அவருடைய மகள் ஒருநாள் வந்து, வாங்குவதற்கில்லாமல் ஓரமாக நின்றது. கூட்டம் குறைந்ததும் கிட்டே வந்து கேட்டது: "அண்ணே, அப்பா வாங்குற பொடியில என்னென்ன சேர்த்திருக்கீங்க? டாக்டர் எழுதி வாங்கிட்டு வரச் சொன்னார்."

எனக்கு நெஞ்சு பகீரென்றது. அந்த நிமிஷத்தில் என் மனசில் வந்தது ஐயா எப்படி இருக்கிறார் என்கிற கேள்வி இல்லை. ஏதாவது கலப்படம் வந்துவிட்டதோ, கடைப் பெயர் போய்விடுமோ என்பதுதான். அதிமதுரம் மட்டும்தான், வேறு ஒரு தூசிகூடக் கிடையாது, யார் வேண்டுமானாலும் சோதித்துக்கொள்ளலாம் என்று அடித்துப் பேசிய பிறகுதான், "ஐயாவுக்கு என்னம்மா?" என்று கேட்டேன்.

கால் வீங்கியிருந்திருக்கிறது. இரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்திருக்கிறது. வயசு என்று விட்டுவிட்டார்கள். ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போக, ஏற்கெனவே சாப்பிடுகிற மாத்திரையோடு நீர் போகிற மாத்திரையும் சேர்ந்திருக்கிறது. அதன் பிறகு மோசமானது. ஒருநாள் கோயில் படியில் காலைத் தூக்கி வைக்க முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பக்கவாதமோ என்று தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே ரத்தத்தைச் சோதித்ததில் பொட்டாசியம் 3.5க்கு மேல் இருக்க வேண்டியது மூன்றுக்கும் கீழே கிடந்தது. இதயத் துடிப்பின் வரைபடமும் சரியில்லை. வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் இரண்டு முறை கேட்டும், ஒன்றுமில்லை என்றே ஐயா சொல்லியிருக்கிறார். பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் அது சாப்பாடும் இல்லை, மருந்தும் இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த பிளாஸ்கைப் பார்த்து அந்த டாக்டர்தான், "அதுல என்ன இருக்கு?" என்று கேட்டிருக்கிறார்.

அந்தப் பெண் போன பிறகும் நான் நம்பவில்லை. அதிமதுரம் யாரை என்ன செய்துவிடும்? என் மகள் மதுரையில் பி.ஃபார்ம் படிக்கிறாள். அவளிடம் சொன்னேன், டாக்டருக்கு நம் மருந்து என்றாலே இளக்காரம் என்கிற தொனியில். அவள் தன் பாடப்புத்தகத்தை எடுத்து வந்து எதிரே உட்கார்ந்தாள். நான் விற்கிற சரக்கைப் பற்றி எனக்கே தெரியாததை அன்று அவள்தான் சொல்லிக்கொடுத்தாள்.

அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணம் கிளிசிரைசின் என்கிற பொருள். சர்க்கரையைவிட முப்பது முதல் ஐம்பது மடங்கு இனிப்பு அதற்கு. உடம்பில் அல்டோஸ்டிரோன் என்று ஒரு ஹார்மோன் இருக்கிறது. சிறுநீரகத்திடம் உப்பைப் பிடித்து வை, பொட்டாசியத்தை வெளியே விடு என்று சொல்வது அதன் வேலை. கார்ட்டிசால் என்கிற இன்னொரு ஹார்மோனும் ரத்தத்தில் அதைவிடப் பல மடங்கு அதிகமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கும் இதே வேலையைச் செய்யத் தெரியும். ஆனால் சிறுநீரகத்தில் ஒரு நொதி, கல்யாண மண்டப வாசலில் பந்திக்கு ஆள் பார்த்து அனுப்புகிறவரைப் போல நின்று, கார்ட்டிசாலை உள்ளே விடாமல் மடக்கிவிடும். அதிமதுரம் அந்த நொதியை முடக்குகிறது. அவ்வளவுதான் சூட்சுமம். கார்ட்டிசால் மொத்தமும் உள்ளே நுழைந்து, உப்பைப் பிடி, பொட்டாசியத்தை விடு என்று ஆணையிடத் தொடங்குகிறது. உப்போடு நீரும் தங்குகிறது. கால் வீங்குகிறது, அழுத்தம் ஏறுகிறது. பொட்டாசியம் போனால் தசைக்கு வலுவில்லை. இதயமும் தசைதானே. அந்த நேரம் பார்த்து நீர் போகிற மாத்திரையும் கொடுத்தால், அதுவும் தன் பங்குக்குப் பொட்டாசியத்தை வெளியேற்றும். ஓதுவார் ஐயாவுக்கு இரண்டு பக்கமும் வடிந்திருக்கிறது.

இது புதிதாகக் கண்டுபிடித்ததுமில்லை. 1940களிலேயே நெதர்லாந்தில் ரெவர்ஸ் என்கிற மருத்துவர் வயிற்றுப் புண்ணுக்கு அதிமதுரச் சாறு கொடுத்திருக்கிறார். புண் ஆறியது, ஆனால் சில நோயாளிகளுக்கு முகமும் கைகாலும் வீங்கியது. அதன் பிறகு அதிமதுரத்திலிருந்தே கார்பெனாக்சலோன் என்கிற புண் மாத்திரையை இங்கிலாந்தில் செய்து விற்றார்கள். அதற்கும் இதே வீக்கம், இதே அழுத்தம். ஆக, வயிற்றுப் புண்ணுக்கு அதிமதுரம் நல்லது என்று நம் பாட்டிகள் சொன்னது வெறும் பேச்சில்லை. கேட்கிறது, ஆனால் கேட்கிற மருந்து வேறு வேலையும் செய்யும் என்பதுதான் விஷயம். நல்லது மட்டும் செய்து மற்றபடி சும்மா இருக்கிற சரக்கு என்று ஒன்று என் கடையில் எந்த டப்பாவிலும் இல்லை. அப்படி ஒன்று இருக்கிறது என்று நம்பித்தான் பாதிப் பேர் கடைக்கு வருகிறார்கள் என்பது வேறு.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஐம்பத்து நாலு வயதுக்காரர் ஒருவர், அதிமதுர மிட்டாயை நாள்தோறும் பை பையாகச் சில வாரம் தின்றதில் பொட்டாசியம் இறங்கி, இதயம் நின்று இறந்துபோனதை 2020இல் மருத்துவப் பத்திரிகையில் எழுதியிருக்கிறார்கள். மகள் அதைப் படித்துக் காட்டியபோது எனக்குக் குறுகிப்போயிற்று. சிகரெட்டுப் புகையிலைக்கு இனிப்பும் வாசனையும் ஏற்றவும் இதே வேரைச் சேர்க்கிறார்களாம். தொண்டைக்கு இதம் என்று நான் விற்க, தொண்டையைக் கெடுக்க இன்னொருவன் வாங்குகிறான்.

அன்றிரவு கடையை அடைத்த பிறகு சின்னத் தராசை எடுத்து வைத்துக்கொண்டேன். கிளிசிரைசின் நாளொன்றுக்கு 100 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்று ஐரோப்பிய நிபுணர் குழு சொல்லியிருக்கிறது. வேருக்கு வேர் அளவு மாறும். நூற்றுக்கு ஐந்து பங்கு என்று வைத்துக்கொண்டால், 2 கிராம் வேரிலேயே 100 மில்லிகிராம் இருக்கிறது. அப்பா நறுக்குகிற அளவில் ஒரு விரல் நீளக் குச்சியை நறுக்கித் தட்டில் வைத்தேன். 3 கிராமுக்குள்தான் வந்தது. அதை மூன்று நாள் மென்றால் நாளொன்றுக்கு ஒரு கிராம், அதிலும் பாதி நாராகத் துப்பப்படுகிறது. பிறகு பொடியை ஒரு கரண்டி கோபுரமாக அள்ளி வைத்தேன். அதுவும் 3 கிராம். ஓதுவார் ஐயா அதை நாளுக்கு இரண்டு முறை, மாதக்கணக்கில் காய்ச்சிக் குடித்திருக்கிறார். 6 கிராமில் 300 மில்லிகிராம். காய்ச்சும்போது பாதிதான் இறங்கும் என்றாலும் வரம்பைத் தாண்டியாயிற்று.

அப்பாவுக்கு இந்த நொதியும் தெரியாது, ஹார்மோனும் தெரியாது. அவர் எந்த அளவுக் கணக்கும் போட்டு நறுக்கவில்லை. ஆனால் குச்சியாக இருந்தவரை, குச்சியே ஒரு அளவாக இருந்தது. மெல்லுகிறவனுக்குத் தாடை வலிக்கும், நிறுத்திவிடுவான். தொண்டை சரியானால் மறந்துவிடுவான். நாங்கள் அதை மாவாக அரைத்து, கரண்டி போட்டு, தினசரி டீ ஆக்கியபோது சரக்கு மாறவில்லை. அதைச் சுற்றியிருந்த வேலி போய்விட்டது. பழைய வைத்தியம் என்று சொல்லிக்கொண்டு நாங்கள் விற்றது பழைய வைத்தியமே இல்லை. பழைய வேரை வைத்துச் செய்த புதுப் பழக்கம் அது. இதைச் சொன்னால் என் தொழில்காரர்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

ஐயா பிழைத்துக்கொண்டார். பொட்டாசியம் ஏற்றினார்கள், பிளாஸ்க் நின்றது. குடிப்பதை நிறுத்தின உடனே எல்லாம் சரியாகிவிடாது, அந்த நொதி மீண்டு வர இரண்டு வாரம்கூட ஆகலாம் என்று மகள் சொல்லியிருந்தாள். கிட்டத்தட்ட அப்படித்தான் ஆனது. மெலிந்து, குச்சி ஊன்றிக்கொண்டு கடைக்கு வந்தவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. "தம்பி, இனி தொண்டைக்கு என்ன பண்றது?" என்றுதான் கேட்டார்.

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அதுவும் மகள் தேடி வைத்ததுதான். லக்னோவில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர்கள் 2009இல் ஒரு ஆய்வு வெளியிட்டிருக்கிறார்கள். அறுவைச் சிகிச்சைக்காகத் தொண்டையில் குழாய் போடுவதால் பிறகு வலியும் கரகரப்பும் வரும். குழாய் போடுவதற்குச் சற்று முன்னால் அதிமதுரத் தண்ணீரில் கொப்பளிக்க வைத்தால் அது குறைகிறது என்று பார்த்திருக்கிறார்கள். அரை கிராம் பொடி, கொஞ்சம் தண்ணீர், அரை நிமிஷக் கொப்பளிப்பு. பிறகு துப்பிவிட வேண்டியதுதான். அவர்கள் பார்த்தது குழாயால் வரும் புண்ணை. பாடிக் கட்டிய தொண்டைக்கும் அதே பலன் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. இருந்தாலும் தொண்டைக்கு வேண்டியதைத் தொண்டையோடு நிறுத்திக்கொள்ள ஒரு வழி இருக்கிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதல். "டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு, கொப்பளிச்சுத் துப்புங்க ஐயா, முழுங்காதீங்க" என்றேன். "இம்புட்டு இனிப்பாக் குடுத்துட்டுத் துப்பச் சொல்றியே" என்று சிரித்தார்.

இப்போது அதிமதுரம் கேட்டு யார் வந்தாலும் அப்பாவின் சட்டத்தை மீறுகிறேன். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறீர்களா, நீர் மாத்திரை உண்டா, இருதயம், சிறுநீரகத்தில் ஏதாவது தொந்தரவு இருக்கிறதா, வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி யாராவது குடிக்கப்போகிறார்களா என்று கேட்கிறேன். பின்லாந்தில் அதிமதுர மிட்டாய் தின்பது அதிகம். அங்கே கர்ப்பிணிகள் அதைத் தவிர்க்கும்படி அரசாங்கமே சொல்கிறது. ஆமாம் என்று சொல்கிறவருக்குக் கொடுப்பதில்லை. டாக்டரிடம் போனால் பிளாஸ்கில் உள்ளதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன். சிலர் நின்று கேட்கிறார்கள். சிலர், "காசு குடுத்தாச் சரக்கு குடுய்யா, நீ என்ன டாக்டரா?" என்று முகத்துக்கு நேராகக் கேட்கிறார்கள். நாலு கடை தள்ளி எந்தக் கேள்வியும் இல்லாமல் கிடைக்கிறது, அங்கே போகிறார்கள். சுக்கையும் துளசியையும் மிளகையும் நான் சந்தேகிக்கத் தொடங்கிவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். என் வீட்டில் மழைக்காலம் முழுக்கச் சுக்கு மல்லிக் காபிதான். அதிமதுரம் வேறு ஜாதி.

தம்பி மகன் இப்போது வியாபாரத்தில் சேர்ந்திருக்கிறான். கெட்டிக்காரன். அதிமதுரம், சித்தரத்தை, மிளகு சேர்த்து நூல் கட்டிய பை போட்டு, "தினமும் ஒரு கப்" என்று அட்டைப்பெட்டியில் டீயாக இறக்க வேண்டும் என்கிறான். மதுரையில் சூப்பர் மார்க்கெட் வரை பேசி வைத்திருக்கிறான். டீயே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பைக்கு அரை கிராமுக்கு மேல் அதிமதுரம் போகக்கூடாது, "தினமும்" என்கிற சொல் பெட்டியில் எங்கேயும் வரக்கூடாது, தொடர்ந்து ஒரு வாரத்துக்கு மேல் குடிக்க வேண்டாம், ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தவிர்க்கவும் என்று முன்பக்கமே போட வேண்டும் என்றேன். "பெரியப்பா, அப்படிப் போட்டா எவன் வாங்குவான்?" என்றான். மகள் என் பக்கம் நின்றதால் ஒப்புக்கொண்டான். போன வாரம் மாதிரிப் பெட்டி அச்சாகி வந்தது. எச்சரிக்கை இருக்கிறது, அடிப்பக்கத்தில், பார்கோடுக்குக் கீழே, பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிற எழுத்தில். திருப்பி அனுப்பியிருக்கிறேன். அச்சகத்துக்காரர் புதுத் தகட்டுக்குத் தனிக் காசு கேட்கிறார்.